எண்ணெய்க் குழாய்க்கு நட்ட வேலி

திருச்செங்கோட்டுச் சந்தையில் கத்தரி நாற்று விற்கிறவள் தன் மருமகன் சொன்னதாகச் சொன்னாள். மருமகனுக்கு அதைச் சொன்னவன் சங்ககிரி ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவன். நம்ம ஜில்லாவிலிருந்து மைசூர் சமஸ்தானம் வரைக்கும் பூமிக்கடியில் இரும்புக் குழாய் புதைத்து அதில் எண்ணெய் விடப் போகிறார்கள் என்பதுதான் சேதி. சந்தை கலைவதற்குள் அதற்குக் கைகால் முளைத்துவிட்டது. குழாய் போகிற தோட்டத்துக்கெல்லாம் ஒரு திருகு வைத்துத் தருவார்களாம். திருகினால் எண்ணெய் கொட்டுமாம். என்ன எண்ணெய் என்பதில்தான் தகராறு. கடலை எண்ணெய் என்றார்கள் சிலர். விளக்கெண்ணெயாகத்தான் இருக்கும் என்றார் செக்கு ஓட்டுகிற ஒருவர். யுத்த காலத்தில் அரைப் படி சீமெண்ணெய்க்கு அலையாய் அலைந்துகொண்டிருந்த பெண்கள் அது சீமெண்ணெய்தான் என்று அடித்துப் பேசினார்கள்.

"வெளக்கெண்ணெயா இருந்தா நம்ம மணியகாரரு ஊட்டுக்கு ரெண்டு திருகு வெக்கச் சொல்லோணும். அவருக்கு எப்பவும் வவுத்து மந்தம்" என்றாள் கரட்டுத் தோட்டத்துப் பாவாயி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, மணியகாரர் காதுக்கு இது போய்ச் சேருமே என்று சிலர் பயந்தார்கள். போய்ச் சேர்ந்தது. அவர் அதை மறக்கவும் இல்லை.

பாவாயி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அந்தத் தோட்டத்துக்கு வாழ வந்தவள். புருஷன் நாச்சிமுத்து தங்கமான மனிதர். யார் எதைச் செய்தாலும் அவருக்குக் கோபம் வராது. அந்த வேலையையும் சேர்த்துப் பாவாயியே பார்த்துக்கொண்டாள். நாச்சிமுத்துவின் அப்பாவும் சித்தப்பாவும் பூமியைப் பாகம் பிரித்தது வாய்வார்த்தையில். குறுக்கே ஓடிய கிளுவை முள்வேலியைக் காட்டி, "கெளுவைக்கு மேபுறம் அண்ணனுக்கு, கீபுறம் தம்பிக்கு" என்று சொல்லி வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். சர்க்கார் கணக்கில் இரண்டு பங்கும் ஒரே நம்பர்தான். அந்தப் பக்கத்தில் அது போதும். கிளுவை நின்றால் எல்லை நிற்கிறது என்று அர்த்தம்.

அண்ணன் பங்கில் முக்கால்வாசி கல்லுக் கரடு. தண்ணீர் பார்க்கிறவர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு காடெல்லாம் நடந்து, கடைசியில் கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம், வேலியை ஒட்டின மாதிரி ஓர் இடத்தில் நின்றுவிட்டார். அங்கே கிணறு வெட்டினார்கள். மண் முழங்கால் ஆழம், அதற்குக் கீழே கருங்கல். வெடிமருந்து வைத்து உடைக்க வேண்டியிருந்தது. உடைந்த கல்லைக் கூடையில் தலைச்சுமையாய் மேலே கொண்டுவந்து கொட்டியவள் பாவாயி. அந்த வருஷம் வயிற்றில் இருந்தது தங்கவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பேசினால் கிணற்றையும் சேர்த்துத் திட்ட வேண்டியிருக்கும்; கிணற்றைத் திட்ட அவளுக்கு வாய் வராது. தண்ணீர் வந்த பிறகு கரட்டுத் தோட்டத்தில் மிளகாயும் வெங்காயமும் விளைந்தன. ஒரு மகளைப் பெற்று, பரமத்தி வேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அத்தனையும் அந்தக் கிணற்றிலிருந்து வந்தது.

சந்தைச் சேதி பழசாகிப்போன பின், நாற்பத்து மூன்றாம் வருஷம் பங்குனி வெயிலில், அளக்கிறவர்கள் வந்தேவிட்டார்கள். தலையில் வெள்ளைத் தொப்பியோடு ஓவர்சியர் கண்ணுசாமி. சங்கிலி இழுக்கச் சின்னான் என்கிற ஆள். பின்னால் இரண்டு கூலிகள். ஓவர்சியர் கடற்கரைப் பட்டணத்தில் வளர்ந்தவர். கரட்டுக் காட்டில் நடக்கிறபோது தன் பூட்ஸை நினைத்தே அவருக்குப் பாதி உயிர் போயிற்று. வழி காட்ட நட்டுக்கொண்டே வருவதற்கு வண்டி நிறையச் சவுக்குக் குச்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கரட்டுத் தோட்டத்துக்கு வந்து சேர்கிறபோது ஒரு குச்சிகூட மிச்சமில்லை.

"சவுக்கெல்லாம் எங்கேடா?"

"எரிச்சுப் போட்டமுங்க. தெனமும் சோறாக்கோணுமில்லீங்களா" என்றான் சின்னான்.

ஓவர்சியர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாவாயிக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாய் இருந்தது. கம்மங்கூழைக் கரைத்து, வெங்காயத்தோடு கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏனுங்க சாமி, அந்தக் கொழாயில என்ன எண்ணெய்ங்க போவுது?"

"பெட்ரோல் அம்மா. பெங்களூர்ல ஏரோப்ளேன் நிக்குது. அதுக்கு ஊத்த."

"அப்பத் தாளிக்க ஆவாது" என்றாள். ஓவர்சியர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் அவள் அதைச் சொன்னாள். "குச்சிக்கு ஏனுங்க இத்தனை ரோசனை? எங்க வேலியில வெட்டிக்கோங்க. கெளுவை தடிதடியா நிக்குது."

எல்லை வேலியில் வெட்டினார்கள். முள்ளைச் சீவி, நுனியில் சிவப்புச் சாயம் பூசி, வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே தோட்டத்தைக் குறுக்கே பிளந்த மாதிரி வரிசையாக அடித்துக்கொண்டே போனார்கள். அடர்த்தியாகவே அடித்தார்கள், மேலே இருந்து ஒரு துரை வந்து பார்ப்பாராம், தூரத்திலிருந்து கோடு தெரிய வேண்டுமாம். கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் வேர் விட்டுத் துளிர்க்கும் என்பது அந்தப் பக்கத்தில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். ஓவர்சியருக்குத் தெரியாது. அவருக்கு வெட்டின மரம் செத்த மரம். சின்னானுக்குத் தெரியும், அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"ஓவர்சியரு நமக்கு வேலி நட்டுக் குடுத்துட்டுப் போறாரு பாருங்க" என்று பாவாயி நாச்சிமுத்துவிடம் சொல்லிச் சிரித்தாள்.

"புடுங்கிருவாங்கல்ல?"

"ஆடிக்குள்ள கொழாய் பதிச்சுருவாங்களாம். அப்பறம் குச்சிக்கு என்ன சோலி?"

ஓவர்சியர் போகிற போக்கில் மணியகாரர் வெங்கடாசலத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: யுத்த காரியம், குச்சியைத் தொட்டவன் ஜெயிலுக்குப் போவான். மணியகாரர் அதைத் தண்டோரா போட்டார். தன் அதிகாரத்துக்குள் இப்படி ஒரு சிவப்பு நுனிக் குச்சி வந்ததில் அவருக்கு வெகு சந்தோஷம்.

ஆடி வந்தது. குழாய் வரவில்லை. மழை வந்தது. குச்சிகள் துளிர்த்தன.

முதலில் ஊர் முழுக்க அது வேடிக்கை. மிலிட்டரி வேலி என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரன் குழாய்க்கு நட்டான், முருகன் கிளுவையாய்க் கொடுத்தான் என்று கவுண்டர் வீட்டுக் கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிச் சிரித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டதாக யாரும் வந்து சொல்லவில்லை. திட்டம் நடக்கிறது என்றும் சொல்லவில்லை. பாவாயி வரிசையில் ஓர் இடைவெளி பார்த்துக் கடவு வைத்து, மாட்டை ஓட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒருவன்தான். கீழ்ப்பங்குக் குழந்தைவேல், நாச்சிமுத்துவின் சித்தப்பா மகன். பழைய எல்லை வேலியில் வெட்டின அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தோண்டி விறகுக்குப் போட்டான். ஏன் என்று கேட்டதற்கு, வழி சுத்தமாய் இருக்க வேண்டும் என்று மிலிட்டரிக்காரர் சொன்னார் என்றான். அந்த இடத்தை உழுது கொள்ளு விதைத்தான். பாவாயியின் கடவை மட்டும் விட்டு, மிலிட்டரி வேலியில் இடைவெளி இருந்த மற்ற இடமெல்லாம் புதுப்போத்து நட்டான். நல்ல பிள்ளை, சண்டை முடிகிற வரைக்கும் சர்க்கார் குச்சியைப் பாதுகாக்கிறான் என்று மணியகாரர் மெச்சினார்.

சண்டை முடிந்தது. நாற்பத்தாறாம் வருஷம், மிளகாய்க்குத் தண்ணீர் கட்ட வேண்டிய ஒரு காலையில், பாவாயி மாடுகளை ஓட்டிக்கொண்டு போனால் கடவு இருந்த இடத்தில் முள் அடைத்துக் கிடக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம், கிணற்று மேட்டில், குழந்தைவேல் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் பெண்டாட்டியை அங்கே நங்கை என்பார்கள்.

"வாங்க நங்கை. காத்தாலயே கெளம்பிட்டீங்களாட்டிருக்குது."

"கடவை ஆரு அடைச்சது?"

"நாந்தானுங்க. ஆடு பூந்துருது."

"எவனூட்டு ஆடு எவன் காட்டுல பூருது?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்." வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "பெரியவீக என்ன சொல்லிப் பிரிச்சாங்க? கெளுவைக்கு மேபுறம் அண்ணனுக்கு, கீபுறம் தம்பிக்கு. கெளுவை நிக்கிதுங்களா? நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க, கெணறு எந்தப் பக்கம் நிக்கிதுன்னு நீங்களே பாத்துக்கோங்க."

ஒரு நிமிஷம் பாவாயிக்கு அவன் சொல்வது விளங்கவில்லை. விளங்கினபோது, தண்ணீர் இறைக்கக் கொண்டுவந்த கவலைக் கயிறு கையிலிருந்து நழுவிற்று.

"அடத் தூ! நீயெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறியா? மிலிட்டரிக்காரன் அடிச்ச குச்சிடா அது! எங்க வேலியில வெட்டி எங்க காட்டுல அடிச்சது! நீயும் நின்னு பாத்தியேடா!"

"நான் என்னத்தைக் கண்டேன்? எனக்குத் தெரிஞ்சு வேலி இங்கதான் இருக்குது. கெணத்துக்கு நான் தகராறு பண்ணலீங்க நங்கை. வெட்டுனது நீங்கதான், இல்லேங்கல. முறை வெச்சு எறைச்சுக்கலாம். கேட்டுட்டு வந்தாச் சரி."

கேட்டுட்டு வந்தாச் சரி. அந்த மூன்று சொல் அவளை எரித்ததுபோல வேறு எதுவும் எரிக்கவில்லை. தன் தலையால் சுமந்த கல் கிணற்று மேட்டில் இன்னும் குவிந்து கிடக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் அவன் அதைச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து நாச்சிமுத்துவைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெதுவாக, "உடு புள்ள, ஒரே ரத்தம். தண்ணி தர மாட்டேன்னா சொன்னான்?" என்றார்.

"தருவானாமா! எங்கெணத்துத் தண்ணியை எனக்குத் தருவானாமா! நீங்க வேணும்னா சொம்பைத் தூக்கிட்டுப் போய் அவன் வாசல்ல நில்லுங்க."

அன்றைக்கே அரிவாளை எடுத்துக்கொண்டு போய் மிலிட்டரி வேலியை வெட்ட ஆரம்பித்தாள். நாலைந்து தடி சாய்ந்திருக்கும். தலையாரி வந்து அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு, அவளைச் சாவடிக்குக் கூட்டிப்போய் வெயில் சாய்கிற வரைக்கும் உட்கார வைத்தான். வெட்டின இடத்தில் கிளுவை முன்னிலும் அடர்த்தியாய்த் துளிர்த்தது. கீழே விழுந்த கிளையைக் குழந்தைவேல் பொறுக்கி நட்டான், அதுவும் துளிர்த்தது. தான் ஆங்காரப்பட்டதில் அவனுக்குத்தான் போத்து லாபம் என்று பார்த்தபோது அவளுக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது.

மணியகாரர் சாவடியில் அவளுக்கு உபதேசம் செய்தார்.

"அது யுத்தக் குச்சியம்மா. தொடலாமா?"

"சண்டை முடிஞ்சு போச்சுங்களே மணியகாரரே!"

"முடிஞ்சது முடிஞ்சதுதான். குச்சியை எடுன்னு உத்தரவு வந்துச்சா? வரலே."

"அப்ப அது சர்க்காரு குச்சி. எல்லை வேலி இல்லே. அதையாச்சும் அவங்கிட்டச் சொல்லுங்க."

"அதை நான் எப்படிச் சொல்றது? குச்சின்னு பாத்தாக் குச்சி. வேலின்னு பாத்தா வேலி." தாடையைத் தடவிக்கொண்டார். அவர் முகத்தில் பழைய விளக்கெண்ணெய் தெரிந்தது.

ஊரில் ஒவ்வொரு வாசலாய்ப் போய் நின்றாள். மிலிட்டரி வேலி என்று பெயர் வைத்தவர்கள், பந்தியில் சிரித்தவர்கள், எல்லாரும் இருந்தார்கள். யாருக்கும் ஞாபகம் இல்லை. "என்னமோ அளந்தாங்கம்மா, எங்க அளந்தாங்கன்னு ஆரு கண்டா?" என்றார்கள். மணியகாரரைப் பகைத்துக்கொண்டு ஞாபகம் வைத்திருக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? சின்னான் ஒருவன்தான் வாய் திறந்தான். சங்ககிரியில் கல் உடைத்துக்கொண்டிருந்தவனை அவளே தேடிப்பிடித்துக் கூட்டிவந்தாள். சாவடியின் படிக்குக் கீழே நின்று, கைகட்டி, "நாந்தானுங்க சாமி வெட்டுனது, நாந்தானுங்க அடிச்சது" என்றான்.

"சங்கிலி இழுத்தவன் சொல்லை வெச்சு எல்லையைத் தீக்க முடியுமா?" என்று மணியகாரர் சிரித்தார். "அடிக்கச் சொன்னவன் சொல்லட்டும். அதிகாரி வாயால என் காது கேக்கச் சொல்லட்டும். அப்பக் குழந்தைவேலே வேலியைப் புடுங்குவான். என்னப்பா?"

"பேஷாப் புடுங்கறேன்" என்றான் குழந்தைவேல். ஓவர்சியரை இனி யார் கண்டுபிடிப்பது என்கிற தைரியம்.

பாவாயி சின்னானை அழைத்துக்கொண்டு, கரிப்புகை கக்கிக்கொண்டு மேட்டில் திணறுகிற பஸ்ஸில் ஏறி, சேலம் போனாள். குழாய் ஆபீஸ் இருந்த பங்களா சூரமங்கலத்தில் பூட்டிக் கிடந்தது. காவல்காரன் ஒருவன் வேப்பமரத்தடியில் படுத்திருந்தான். குழாயா, அது அப்போதே போச்சு, பெங்களூர்ப் பக்கம் கொஞ்சம் பள்ளம் தோண்டினதோடு சரி என்றான். எத்தனை லேசாகச் சொல்லிவிட்டான்! இந்த ஒரு வார்த்தை மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்திருந்தால் கிளுவையைத் துளிரிலேயே கிள்ளி எறிந்திருப்பாள். குச்சியைத் தொட்டால் ஜெயில் என்று சொல்ல ஆள் அனுப்பினவர்களுக்கு, குச்சி வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை. அவள் அங்கேயே நின்று, பூட்டின பங்களாவைப் பார்த்து, பெயர் தெரியாத துரைமார் எல்லாரையும் வைதாள். காவல்காரன் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

"என்னை ஏம்மா வையறீங்க?"

"உன்னை வையல சாமி. கண்ணுசாமின்னு ஒரு ஓவர்சியரு. உசுரோட இருக்காரா?"

இருந்தார். பெங்களூரில் பட்டாளத்துச் சாமான் கிடங்கில் வேலையாம். அங்கே போன் உண்டு என்றான் காவல்காரன். பூட்டின ஆபீசுக்கு யாராவது சாமான் கேட்டு வந்தால் அங்கே பேசச் சொல்லி நம்பரை அவனுக்கு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்கள்.

அவளுடைய மிளகாயை வாங்குகிற மாதையன் மண்டி செவ்வாய்ப்பேட்டையில் இருந்தது. மண்டியில் சுவரோடு ஒரு போன் மாட்டியிருந்தது. மாதையன் நல்லவர். "பெங்களூருக்கு டிரங்கால் போட்டுத் தரேன், பாவாயம்மா. ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஆட்களைக் கூட்டிவருவதுதான் பெரும்பாடு. மணியகாரர் முதலில் இடுப்புவலி என்றார். ஊர் கூடின இடத்தில் அவள் கேட்டாள்: "காது கேக்கச் சொல்லட்டும்னு சொன்னது நீங்கதானுங்களே? இப்பக் காதைக் கொண்டாங்கன்னா இடுப்பு வலிக்குதுங்கறீங்க." கூட்டம் சிரித்துவிட்டது. அவருக்கு வர வேண்டியதாயிற்று. ஆனால் எல்லார் முன்னாலும் ஒன்றைச் சொல்லிவைத்தார்: "ஒரே தடவைதான். அன்னிக்கு அந்த ஆளு சொல்லலேன்னா வேலி நிக்கிற எடந்தான் எல்லை. அதுக்கப்பறம் இந்தப் பேச்சை எடுக்கப்படாது."

"செரி" என்றாள் பாவாயி. நாச்சிமுத்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "செரின்னு சொல்லிட்டேனுங்க" என்றாள்.

மண்டியில் மிளகாய் நெடி. மாதையன் போனுக்குப் பக்கத்தில் நின்று, நம்பரைச் சொல்லிவிட்டு, காத்திருக்கச் சொன்னார். மணியகாரர் நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தைவேல் மூட்டைமேல் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். பாவாயி உட்காரவில்லை. என்ன கேட்க வேண்டும் என்பதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஏனுங்க சாமி, கம்மங்கூழு குடிச்சீங்களே, ஞாபகமிருக்குதுங்களா?

போன் அலறியது. மாதையன் எடுத்துப் பேசினார். "ஆமா, ஆமா, கொடுங்க" என்றார். பிறகு காதில் வைத்தபடியே நின்றார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"லைன் கெடைச்சிருச்சு. அங்க மணி அடிக்குது" என்றார். சற்றுப் பொறுத்து, "இன்னும் ஆரும் எடுக்கலே."

"சாப்பாட்டு வேளைங்க" என்றான் குழந்தைவேல். "இல்லாட்டி அந்தக் கெடங்கையும் மூடிட்டாங்களோ என்னமோ."

"நீ வாயை மூடு" என்றாள் பாவாயி.

மணியகாரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. நீயும் எத்தனையோ பாடுபட்டுட்டே. ஆள் இல்லேன்னா ஆரு என்ன பண்றது?"

"மணி அடிக்குதுன்னு சொல்றாரில்லீங்க? அடிக்கிற வரைக்கும் உக்காருங்க."

"எத்தனை நேரம்?"

"எங்கெணத்துக்கு நான் கல்லுச் சுமந்த நேரம் உங்களுக்குத் தெரியுமாங்க? உக்காருங்க!"

அவள் குரலில் மண்டிக் கூலிகள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மணியகாரர் உட்காரவில்லை, போகவும் இல்லை. மாதையன் தயங்கினார். "பாவாயம்மா, எக்ஸ்சேஞ்சுல வெச்சிரச் சொல்லுவாங்க..."

"இங்க குடுங்க" என்று அந்தக் கறுப்புக் கொம்பை அவர் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். தலைகீழாய்ப் பிடித்திருந்தாள், மாதையன் திருப்பி வைத்தார். வெகு தொலைவில், மைசூர்ச் சீமையில் எங்கேயோ ஒரு மேஜைமேல், மணி அடிப்பது கேட்டது. நிற்கும், மறுபடி அடிக்கும்.

"வெச்சிருங்க நங்கை" என்றான் குழந்தைவேல். இந்தத் தடவை அவன் குரலில் சிரிப்பு இல்லை.

பாவாயி அவனைப் பார்த்துக்கொண்டே கொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.